பழங்காசு வாணிகம்

தொண்டை நாட்டின் தொன்மை வாய்ந்த ஊர்களுள் உத்தரமேரூரும் ஒன்று. காஞ்சிபுரத்திற்குத் தெற்கே, ஏரிகளும் நெல்வயல்களும் சூழ அமைந்த இவ்வூரில் வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கின்றது. முதற் பராந்தக சோழன் ஆட்சியில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் அக்கோயிற் சுவரில் உள்ளன. குடவோலை இட்டு ஊர்ச்சபைக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. இதனை வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆயினும், அக்கல்வெட்டில் வரும் சிறு செய்தி ஒன்றைப் பலர் விரைந்து கடந்து சென்றுவிடுகின்றனர். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பஞ்சவார வாரியம் என்பவற்றோடு பொன் வாரியம் என்னும் ஒன்றும் அங்கே சொல்லப்பெறுகின்றது. அதற்கு உறுப்பினர் அறுவர்.

பொன்னுக்கென ஒரு வாரியம் எதற்கு? அக்காலத்தில் பொன் அணிகலன் மட்டும் அன்று. விலையாகவும் வரியாகவும் கைம்மாறிய செல்வமும் அதுவே. கொடுப்பவன் தன் பொன்னை உயர்ந்த மாற்று என்பான். கொள்பவன் அதனைத் தாழ்ந்தது என்பான். ஒருவன் சொல்லை மற்றொருவன் எங்ஙனம் நம்புவான்? இருவருக்கும் வேண்டியவர் அல்லாத ஒருவர், ஊரார் அறிய, உரைகல்லில் உரைத்து மாற்றுக் கண்டு சொன்னால் வழக்குத் தீரும். பொதுப்பணத்தைக் கையாண்டு கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் குடவோலைக்கே உரியர் அல்லர் என்றும் அக்கல்வெட்டு விலக்கி வைக்கின்றது. பொருளைச் சோதிக்க ஒரு முறை, ஆளைச் சோதிக்க ஒரு முறை என இரண்டையும் அவ்வூரார் வகுத்து வைத்திருந்தனர்.

‘நாணயம்’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். அச்சிட்ட காசுக்கும் அதுவே பெயர். சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் அதுவே பெயர். காசின் நாணயத்தை உரைத்தும் நிறுத்தும் காணலாம். ஆளின் நாணயத்தைக் காண்பதற்கு அவனோடு பழகியிருத்தல் வேண்டும். பழகாத இடத்தில், அவனுடைய நாணயத்தை நம்பியிருக்க வேண்டாதபடி கொடுக்கல் வாங்கலை அமைத்துக்கொள்ளல் வேண்டும். இப்பாடம் அதனைப் பற்றியது.

பழைய காசுகளையும் அஞ்சல்தலைகளையும் பணத்தாள்களையும் தேடித் தொகுத்தல் பயன்மிக்க பொழுதுபோக்கு. ஒரு காசைக் கையில் வைத்துக்கொண்டு படித்த வரலாறு எளிதில் மறவாது. முதலாம் இராசராசனுடைய செப்புக் காசுகளில் ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும், அதன் அருகே நாகரி எழுத்தில் அரசன் பெயரும் காணப்படும். தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அவை மிகுதியாகக் கிடைத்துள்ளன. யான் சிறுவனாயிருந்த நாளில் இவ்வாறு தொகுப்போர் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். வகுப்புத் தோழன் இலங்கை அஞ்சல்தலை ஒன்றைத் தந்தால், யான் மலேயா நாட்டுத் தலை ஒன்றைத் தருவேன். ஏமாற்றினால் மறுநாள் அவன் முகத்தில் விழிக்க வேண்டுமே என்னும் நாணமே எங்களுக்குக் காவலாய் இருந்தது. இன்றோ கைப்பேசியின் வாயிலாக, முகமும் ஊரும் அறியாத ஒருவரோடு இவ்வாணிகம் நிகழ்கின்றது. அவர் காட்டும் படத்திலுள்ள பொருள் அவருடையதா, சொல்லும் பெயர் அவருடையதா என்பன ஒன்றும் நமக்குத் தெரிவதில்லை. நாணம் அங்கே காவலாய் நில்லாது.

எங்கள் ஊர் ஏரிக்கு அப்பால் உள்ள சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவன் ஒருவன் மாலைதோறும் என் வீட்டுத் திண்ணைக்கு இலக்கணம் கற்க வருவான். ஒருநாள் அவனுடைய தாயாரும் உடன் வந்தார். இருவர் முகமும் வாடியிருந்தன. உழவர் ஒருவர் டிராக்டர் ஓட்டும் படம் அமைந்த ஐந்து ரூபாய்த் தாள் இருந்தால் ஆறு இலட்சம் ரூபாய் தருவதாக அவர்கள் கைப்பேசிக்கு விளம்பரம் ஒன்று வந்திருக்கின்றது. சாமி படத்தின் பின்னே அவ்வம்மையார் செருகி வைத்திருந்த பழைய தாள்களுள் அத்தகையது ஒன்று இருந்தது. மகன் அதனைப் படம் பிடித்து அனுப்பினான். சிறிது நேரத்திற்குள் அழைப்பு வந்துவிட்டது.

பேசியவன் பண்புடையவனாகவே பேசினான். “அம்மா, உங்கள் தாள் மிக அரியது. உங்களுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது. பணம் கைக்கு வரும்வரை அக்கம்பக்கத்தில் சொல்லாதீர்கள், கண்பட்டுவிடும்” என்றான். பதிவுக் கட்டணமாக 850 ரூபாய் அனுப்பச் சொன்னான், அனுப்பினர். ரிசர்வ் வங்கியின் முத்திரையும் கையொப்பமும் உடைய சான்றிதழ் ஒன்று படமாக வந்து சேர்ந்தது. அதனைக் கண்டதும் இருந்த சிறிது ஐயமும் நீங்கிற்று. மறுநாள் ஜி.எஸ்.டி. வரி என்று 6,500 ரூபாய் கேட்டான். உரம் வாங்க வைத்திருந்த பணம் போயிற்று. மூன்றாம் நாள், “பணம் கொண்டுவரும் வண்டி செங்கற்பட்டைத் தாண்டிவிட்டது, காப்பீட்டுக்கு 12,000 ரூபாய் வேண்டும்” என்றான். சீட்டுப் பணம் போயிற்று. நான்காம் நாள், வண்டியை அதிகாரிகள் நிறுத்திவிட்டனர் என்றும், விடுவிக்க 25,000 ரூபாய் கட்டாவிட்டால் வழக்கு உங்கள் மேலும் வரும் என்றும் கூறினான். அவன் குரலில் இப்போது பணிவு இல்லை.

அந்நிலையில் அவ்வம்மையார் ஒரு கேள்வி கேட்டார். “ஆறு இலட்சம் எங்களுக்குக் கொடுக்கப் போகிறீர்கள் அல்லவா? அதில் இந்த இருபத்தையாயிரத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்களேன்!”

மறுமுனையில் அழைப்பு அறுந்தது. பின்னர் அவ்வெண்ணில் எவரும் பேசவே இல்லை.

அவ்வம்மையார் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பட்டம் பெற்றோர் பலருக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றிற்று. அது 19,350 ரூபாய் போன பின்னர்த் தோன்றியதே வருத்தம். முதல்நாள் 850 ரூபாய்க்கே அதனைக் கேட்டிருந்தால் ஒரு காசும் போயிராது. நெல்லை விற்கச் செல்லும் உழவரிடம் மண்டிக்காரர் என்ன செய்கின்றார்? தரகையும் கூலியையும் கழித்துக்கொண்டு மீதியைத் தருகின்றார். ‘முதலில் நீர் தரகைக் கட்டும், பின்னர் நெல்லின் விலையைத் தருகின்றேன்’ என்று சொல்லும் மண்டிக்காரரை நாம் கண்டதுண்டா? பொருளை விற்பவர் பணம் பெற வேண்டியவர். பெற வேண்டியவரிடமே பணம் கேட்பவன், கட்டணம் என்றாலும் வரி என்றாலும் காப்பீடு என்றாலும், வாங்க வந்தவன் அல்லன், பறிக்க வந்தவன்.

இவ்வளவு எளிய உண்மை ஏன் மறைந்துபோகின்றது? அறிவின்மையால் என்று கூறுவோர் உளர். யான் அதனை ஒப்புவதில்லை. ஆறு இலட்சத்தின் முன்னே 850 என்பது மிகச் சிறிய தொகை. அதனைக் கொடுத்த பின்னர், 6,500 கொடாவிட்டால் முன் கொடுத்தது வீணாகுமே என்னும் அச்சம் பிறக்கின்றது. இழந்த பணமே கயிறாகி, எஞ்சிய பணத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றது. அக்கம்பக்கத்தில் சொல்லாதே என்றதும் இதன் பொருட்டே. வெளியார் ஒருவர் காதில் விழுந்திருந்தால், அவர் இக்கயிற்றில் கட்டுண்டவர் அல்லர் ஆதலின், உடனே உண்மையைக் கண்டுகொள்வார்.

ரிசர்வ் வங்கியின் பெயரால் இவ்வாறு பணம் பறிப்பது நாடு முழுவதும் நிகழ்கின்றது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் அவ்வங்கியே பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. பழைய பணத்தாள்களையும் காசுகளையும் வாங்கி விற்கும் தொழிலில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்கெனக் கட்டணமோ தரகோ எப்போதும் கேட்பதில்லை என்றும், தன் சார்பில் அவற்றைப் பெற எவருக்கும் உரிமை அளிக்கவில்லை என்றும் அது தெளிவாக அறிவித்தது. ஆகவே, பழங்காசு விற்பனையில் ரிசர்வ் வங்கியின் சான்றிதழ் ஒன்று காட்டப்பெற்றால், அச்சான்றிதழே வஞ்சகத்திற்குச் சான்றாகும்.

பணத்தை நேரே கேளாமல் பறிக்கும் வழியும் உண்டு. யு.பி.ஐ. முறையில் பணம் அனுப்பும்போது நாம் கமுக்கமான ‘பின்’ எண்ணை இடுகின்றோம். அந்த எண் நம் பணப்பெட்டியின் திறவுகோல். பிறர் நம் பெட்டியில் பணம் இட விரும்பினால் அதற்கு நம் திறவுகோல் வேண்டுவதில்லை. ஆயினும், “பணம் அனுப்பியுள்ளேன், பெற்றுக்கொள்ள இந்தக் கட்டமிட்ட கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியில் காட்டி, பின் எண்ணை இடுங்கள்” என்று ஒருவன் சொல்கின்றான். இட்ட நொடியில் பணம் நம்மிடமிருந்து அவனுக்குச் செல்கின்றது. இன்னொருவன், பணம் அனுப்பியதாகக் காட்டும் போலிப் படம் ஒன்றை அனுப்பிப் பொருளைக் கேட்பான். சிலர் தவறுதலாக மிகுதியாக அனுப்பிவிட்டதாகக் கூறி, மிகுதியைத் திருப்பித் தரும்படி கெஞ்சுவர். படத்தையும் சொல்லையும் விடுத்து, நம் வங்கிக் கணக்கில் தொகை ஏறியுள்ளதா என்பதை நாமே பார்த்தல் வேண்டும். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்பவனுக்கு விடை கூறவே வேண்டுவதில்லை.

இனி, அந்த டிராக்டர்த் தாளின் உண்மையான மதிப்பு யாது? ஐந்து ரூபாய். அது பல்லாண்டுகள் பெருந்தொகையாய் அச்சிடப்பெற்று நாடெங்கும் புழங்கியது, இன்றும் செல்லும். பழமை வேறு, அருமை வேறு. ஒரு பொருள் எத்தனை செய்யப்பெற்றது, அவற்றுள் எத்தனை எஞ்சியுள்ளன, எந்நிலையில் உள்ளன, அதனை விரும்புவோர் எத்தனை பேர் என்பவற்றாலேயே விலை ஏறும். 786 என்னும் எண் உடைய தாளும், வைஷ்ணவி தேவி உருவம் பொறித்த காசும் இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று பரவும் செய்திகளும் இவ்வகையினவே.

உண்மையில் அரிய பொருள் எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். விடுதலை பெற்ற ஓராண்டு நிறைவில், 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், காந்தியடிகள் உருவம் தாங்கிய நான்கு அஞ்சல்தலைகள் வெளிவந்தன. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என்பன அவற்றின் மதிப்பு. சுவிட்சர்லாந்தில் அவை அச்சிடப்பெற்றன. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் நம் இராஜாஜி. அப்பதவியாளரின் அலுவலகப் பயனுக்கென, ‘சர்வீஸ்’ என்னும் சொல்லை மேலே அச்சிட்ட தலைகள் சில ஆக்கப்பெற்றன. அவற்றுள் பத்து ரூபாய்த் தலைகள் நூறே நூறு. 2017-இல் அத்தகைய நான்கு தலைகள் சேர்ந்த ஒரு வரிசை இங்கிலாந்தில் ஐந்து இலட்சம் பவுனுக்கு விற்றது. இவ்வளவு விலை என்றதும் வஞ்சகர் சும்மா இருப்பரா? அச்சொல் இல்லாத பத்து ரூபாய்த் தலையை வாங்கி, அதன் மேல் ‘சர்வீஸ்’ என்று தாமே அச்சிட்டு விற்கத் தொடங்கினர். தாள் உண்மை, காந்தியடிகள் படம் உண்மை, அந்த ஒரு சொல் மட்டும் பொய். கைப்பேசிப் படத்தில் அதனைக் கண்டறிதல் இயலாது. தேர்ந்த வல்லுநர் உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆராய்ந்து தரும் சான்று இன்றி அத்தலையை எவரும் வாங்குவதில்லை.

வல்லுநரும் தவறியது உண்டு. இத்தாலியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ழான் டி ஸ்பெராட்டி என்பவர் போலி அஞ்சல்தலை ஆக்குவதில் இணையற்றவர். விலை குறைந்த பழைய தலைகளின் மையை மருந்திட்டு நீக்கி, அதே பழந்தாளில் அரிய தலையின் உருவத்தை அச்சிடுவார். அஞ்சல் முத்திரை மட்டும் உண்மையானதாகவே எஞ்சி நிற்கும். 1942-இல் அவர் வெளிநாட்டிற்கு அனுப்பிய தலைகளைச் சுங்க அதிகாரிகள் கைப்பற்றி, அரிய செல்வத்தை உரிமமின்றி நாடு கடத்தியதாகக் குற்றம் சாட்டினர். ‘இவை யான் செய்த போலிகள்’ என்று அவரே சொல்லியும் முதலில் எவரும் நம்பவில்லை! இறுதியில் 1954-இல் பிரிட்டன் நாட்டு அஞ்சல்தலைச் சங்கத்தார் அவருடைய கருவிகளையும் எஞ்சிய போலிகளையும் விலை கொடுத்து வாங்கி அத்தொழிலை நிறுத்தினர். வல்லுநர் கண்ணையே மயக்கும் பொருளை நாம் படத்தில் பார்த்து வாங்குவது எங்ஙனம்?

இதனைப் பிறருக்குக் கூறும் யானும் ஒருமுறை ஏமாந்தவனே. ஓய்வு பெற்ற ஆண்டில், கைப்பேசியின் வழியே அறிமுகமான வெளிமாநிலத்தார் ஒருவரிடம் 3,000 ரூபாய் கொடுத்து ஒரு செப்புக் காசு வாங்கினேன். இராமபிரான் பரிவாரத்தோடு அமர்ந்த கோலம் ஒருபுறம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும் மறுபுறம். கம்பராமாயணத்தைப் பாடம் சொல்லிய நெஞ்சம் அதனைக் கண்டு உருகிற்று. ஆராயும் அறிவு உறங்கிற்று. அறிவியல் ஆசிரியரான நண்பர் ஒருவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு காந்தத்தைக் கொணர்ந்தார். காசு தாவிச் சென்று ஒட்டிக்கொண்டது. செம்பைக் காந்தம் கவராது; உள்ளே இரும்பு. கம்பெனியார் அத்தகைய காசை அச்சிட்டதே இல்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். சென்னை மாகாணத்திற்கென 1803-லும் 1808-லும் அவர்கள் வெளியிட்ட செப்புக் காசுகளில் கம்பெனியின் சின்னமே இருந்தது. காந்தம் கவர்வதையே தெய்வ ஆற்றல் என்று கூறி இப்போலிக் காசுகளை மிகுந்த விலைக்கு விற்போரும் உளர். குற்றத்தைக் காட்டும் அடையாளமே சிறப்பாகப் பேசப்படுகின்றது.

காந்தம் ஒன்றே போதும் என்று எண்ணிவிடாதீர்கள். 1947-ஆம் ஆண்டு ரூபாய் நிக்கலால் ஆனது; அதனைக் காந்தம் கவர்வது இயல்பே. வெள்ளி ரூபாய்க்கு எடை நல்ல சான்று. ஆங்கிலேயர் காலத்து வெள்ளி ரூபாய் ஒரு தோலா, அதாவது 11.66 கிராம் நிறையுடையது. நகைக் கடையின் தராசில் இட்டால் தெரிந்துவிடும். சிறிது தேய்ந்திருந்தால் நிறை சிறிது குறையும். ஒன்று இரண்டு கிராம் குறைந்தாலும் கூடினாலும் அக்காசை விட்டுவிடுதல் நன்று. ஆறாம் ஜார்ஜ் மன்னர் உருவமுடைய 1939-ஆம் ஆண்டு ரூபாய் மிக அரியது. ஆதலின், பிற ஆண்டின் இறுதி எண்ணைச் செதுக்கி 1939 ஆக்கிய போலிகள் உள்ளன. அவற்றின் வெள்ளியும் உண்மை, எடையும் சரி. அங்கே தராசும் உதவாது. பழகிய கண்ணே வேண்டும்.

நம் மாநிலத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் மற்றொரு சூழ்ச்சியையும் இங்கே குறிப்பிடல் தகும். அதனை ‘ரைஸ் புல்லர்’ என்றும் ‘இரிடியம்’ என்றும் வழங்குவர். பழங்கோயிற் கலசம் ஒன்றில் இடி விழுந்து இரிடியம் என்னும் அரிய உலோகம் உண்டாகியிருக்கின்றது, அரிசியை அது தன்பால் இழுக்கும், வெளிநாட்டார் கோடிக்கணக்கில் விலை கொடுப்பர் என்று கதை சொல்லிப் பங்குப்பணம் திரட்டுவர். அரிசிக்குள் இரும்பை மறைத்துக் கலயத்தின் உள்ளே காந்தத்தை வைத்தால் அரிசி இழுபடாமல் என் செய்யும்? முன்பு சாவடியிலும் விடுதியிலும் மறைவாய் நடந்த இச்சூழ்ச்சி இன்று கைப்பேசிக்கும் வந்துவிட்டது. கதை எவ்வளவு நீளமோ, பொருள் அவ்வளவு பொய்.

சட்டத்தையும் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். ஏனெனில், வஞ்சகர் ‘சட்டத்திற்குப் புறம்பான பொருளை விற்க முயன்றீர்’ என்று அச்சுறுத்துவதும் உண்டு. உழும்போதோ கிணறு தோண்டும்போதோ மண்ணில் புதைந்த காசுக்குவியல் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புதலை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. 2016-இல் செல்லாதென அறிவிக்கப்பெற்ற 500, 1,000 ரூபாய்த் தாள்களைப் பத்துக்கு மேல் வைத்திருத்தல் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் மட்டும் இருபத்தைந்து வரை இசைவு உண்டு. வீட்டில் வழிவழியாக உள்ள அணாக் காசுகளை வைத்திருப்பதற்கு எவரும் அஞ்ச வேண்டுவதில்லை.

இவ்வளவும் கேட்டு, காசும் வேண்டா தலையும் வேண்டா என்று நீங்கள் ஓடிவிடல் கூடாது. அறியாதாரோடு செய்யும் வாணிகத்தில் இடர் ‘யார் முதலில் கொடுப்பது’ என்னும் ஒரே இடத்தில் இருக்கின்றது. பொருளை முதலில் அனுப்பினால் விற்பவர் இழக்கலாம். பணத்தை முதலில் அனுப்பினால் வாங்குபவர் இழக்கலாம். முற்காலத்தில் ‘வி.பி.’ தபால் இதனைத் தீர்த்தது. விற்பவர் பொருளை அஞ்சலகத்தில் ஒப்படைப்பார். அஞ்சற்காரர் அதனைக் கொணர்ந்து, விலையைப் பெற்றுக்கொண்டு கொடுப்பார். விலை விற்றவருக்குச் சென்று சேரும். பொன் வாரியத்தார் நடுவில் நின்றதைப் போல அஞ்சலகம் நடுவில் நின்றது. ஆயினும் பொட்டலத்தின் உள்ளே இருப்பது கூழாங்கல்லா காசா என்பதை அஞ்சற்காரர் அறியார். இன்று பொருள் வந்தபின் பணம் கொடுக்கும் முறையிலும் அக்குறை உண்டு. அதனால், பொட்டலத்தைப் பிரிக்கும்போது முத்திரை உடையாத நிலையிலிருந்தே கைப்பேசியில் காணொளி எடுத்து வைப்போர் அறிவுடையோர்.

படத்தை மட்டும் கண்டு மயங்காமல், அன்றைய தேதி எழுதிய சீட்டின் அருகே பொருளை வைத்துப் புதிதாக ஒரு படம் கேட்கலாம். பொருள் கையில் இல்லாதவன் அதற்கு ஆயிரம் சாக்குக் கூறுவான். சிறிய விலையில் ஒன்றிரண்டு மாற்றிப் பார்த்த பின்னரே பெரியவற்றுக்குச் செல்லலாம். ஆனால், சிறியவற்றில் நேர்மை காட்டிப் பெரியதில் மோசம் செய்வோரும் உளர் என்பதை மறத்தல் ஆகாது. சென்னையிலும் பிற நகரங்களிலும் நாணயம் தொகுப்போர் சங்கங்கள் கூடுகின்றன. அங்கே பொருளைக் கையில் எடுத்து, நால்வர் பார்க்க விலை பேசலாம். 1851-இல் தொடங்கப்பெற்று, இன்று சென்னை எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் உண்மையான காசுகளை நேரில் கண்டு கண்ணைப் பழக்கலாம். புதிய அஞ்சல்தலை வேண்டுவோர், அஞ்சல் துறையிலேயே 200 ரூபாய் கட்டி ஒரு கணக்குத் தொடங்கினால் அச்சிட்ட விலைக்கே அவை வீடு தேடி வரும். மாணவராயின், பெற்றோரோ ஆசிரியரோ அறியாமல் முன்பின் அறியாதாரோடு விலை பேசுதலும், வீட்டு முகவரி தருதலும், தனியே சந்திக்கச் செல்லுதலும் செய்யற்க.

ஏமாந்துவிட்டால் என் செய்வது? நாணி மறைத்தலே பெருந்தவறு. 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். பறிபோன பணம் ஒரே கணக்கில் தங்குவதில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும், அங்கிருந்து பலவற்றுக்கும் ஓடிப் பின் ரொக்கமாக எடுக்கப்பட்டு மறைகின்றது. முறையீடு விரைந்து சென்றால் வங்கிகள் அது வெளியேறுமுன் நிறுத்தி வைக்க இயலும். மணி ஒன்று கழிந்தாலும் வேறுபாடு உண்டு. பின்னர் மாவட்டச் சைபர் குற்றக் காவல் நிலையத்தில், பேசிய எண்ணையும் அனுப்பிய தொகைகளின் விவரத்தையும் வந்த படங்களையும் அழிக்காமல் கொண்டுசென்று எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

அம்மாணவனும் தாயாரும் என்னிடம் வந்தது அழைப்பு அறுந்த மூன்றாம் நாள். அன்றே முறையீடு பதிவு செய்தோம். காவலர் கனிவோடு கேட்டு எழுதிக்கொண்டனர். பணம் சென்ற கணக்கில் அதற்குள் ஒன்றும் எஞ்சவில்லை. இழந்த தொகையை ஈடு செய்ய அவ்வம்மையார் அடுத்த நடவுக்கு இரண்டு ஊர் தள்ளிக் கூலிக்குச் சென்றார். மகன் அவ்விடுமுறை முழுவதும் உரக்கடையில் மூட்டை தூக்கினான்.

சில வாரங்களுக்குப் பின் அந்த ஐந்து ரூபாய்த் தாளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “சாமி படத்துக்குப் பின்னால் வைத்தால் தினமும் கண்ணில் படுகிறது, ஐயா. கடையில் கொடுத்துத் தீப்பெட்டியும் கர்ப்பூரமும் வாங்கிவிட்டேன்” என்றார். கடைக்காரர் மறுபேச்சின்றி அதனை ஐந்து ரூபாய்க்கு வாங்கிக்கொண்டாராம்.